பிள்ளைகளின் கேள்விக்குப் பதில் சொல்வோம்

நகைச்சுவை நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15ஆம் திகதி சென்னையில் கொரோனாத் தடுப்பூசி போட்டுக்கொண்டார். 17ஆம் திகதி மாரடைப்பால் காலமானார். அந்தச் செய்தி டூட்டிங்கில் உள்ள எம்மவர் வீடுகளுக்கு வந்துசேர அதிக நேரம் எடுக்கவில்லை. "ஊசியாலைதானாம் டொக்டர்" என்று எம்மிடம் சொன்னவர்கள் பலர். அவரது மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என இந்திய அரசின் நிபுணர் குழு அதே ஆண்டு ஒக்டோபரில் அறிவித்தது. அதை எவரும் எமக்கு அனுப்பவில்லை. வதந்திக்கு இருக்கும் கால் விளக்கத்துக்கு இல்லை.

அந்த ஆண்டு ஜூன் 18 முதல் இங்கிலாந்தில் 18 வயதுக்கு மேற்பட்ட எவரும் ஊசிக்குப் பதிவு செய்யலாம் என்றானது. எம்மிடம் வந்த இளையோர் பலர் தயங்கினார்கள். "எங்களுக்கு வந்தாலும் தடிமன் மாதிரித்தானே?" என்றார்கள் சிலர். பிள்ளைப்பேறு பாதிக்கப்படும் என்று பயந்தார்கள் வேறு சிலர். அதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் எல்லாக் கேள்வியும் வதந்தியல்ல. அஸ்ராசெனிகா ஊசியால் மிக அரிதாக இரத்தக்கட்டி ஏற்பட்டது உண்மை. அதனால்தான் 2021 மே மாதம் 40 வயதுக்குட்பட்டோருக்கு வேறு ஊசி பரிந்துரைக்கப்பட்டது.

இங்கே எமது தவறையும் சொல்லவேண்டும். பைசர் ஊசியால் இருதய அழற்சி வருமா என்று கேட்ட இளைஞர் ஒருவரை, "யோசிக்காமல் போடும் தம்பி" என்று இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டோம். அவர் போடவில்லை. சில மாதங்களில் வீட்டில் எல்லோருக்கும் தொற்று. அம்மம்மா ஆஸ்பத்திரியில் இருந்து மீண்டு வந்தார். அவர் ஊசி போட்டிருந்தால் இது நடந்திராது என்று சொல்ல முடியாது. ஆனால் அதே கேள்வியோடு அவர் திரும்பி வந்தபோது உட்காரவைத்துப் பேசினோம்: அந்த அழற்சி அரிது, இளம் ஆண்களில் சற்றுக் கூடுதல், பெரும்பாலானோர் ஓய்வில் குணமடைவர், கொரோனாவாலும் அது வரலாம். பத்து நிமிடம்தான். அன்றே சம்மதித்தார்.

நம்பிக்கை உடைந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பிலிப்பைன்ஸ் சாட்சி. அங்கே 2016இல் பாடசாலைப் பிள்ளைகளுக்கு டெங்குத் தடுப்பூசி போடப்பட்டது. முன்னர் டெங்கு வராதவர்களுக்கு அதனால் பின்னர் நோய் கடுமையாகலாம் என்று 2017 இறுதியில் தெரியவந்தது. திட்டம் நிறுத்தப்பட்டது. பெற்றோரோ மற்ற ஊசிகளையும் சந்தேகித்தார்கள். 2019இல் அங்கே சின்னமுத்து பெருமளவில் பரவியது.

பிரித்தானியாவும் இதற்கு விலக்கல்ல. முத்தரப்புத் தடுப்பூசியை ஓட்டிசத்தோடு தொடர்புபடுத்தி 1998இல் வெளியான கட்டுரையை லான்செட் இதழ் 2010இல் மீளப்பெற்றது. அந்தப் பயத்தில் ஊசி தவறிய குழந்தைகள்தான் இன்று இருபதுகளில் உள்ள எமது பிள்ளைகளில் சிலர். பல்கலைக்கழக விடுதிகளிலும் வேலைத்தலங்களிலும் இருக்கும் இவர்களுக்குச் சின்னமுத்து வரலாம்.

ஆகவே பெற்றோருக்கு எமது வேண்டுகோள் இது. வளர்ந்த பிள்ளையை அதட்டி ஊசி போடவைக்க முடியாது. அவர்கள் கேட்பதைக் கேளுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் குடும்ப வைத்தியரிடம் அனுப்புங்கள். முத்தரப்பு ஊசி இரண்டு தடவை போட்டதா என்று பதிவைப் பாருங்கள். தவறியிருந்தால் எந்த வயதிலும் இலவசமாகப் போடலாம். வைத்தியர்களாகிய நாமும் அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுக்கப் பழகவேண்டும்.