குப்பைப் பாடத்தில் விடுபட்ட இரண்டு பேர்

சென்ற மாதம் துப்புரவுத் தொழிலாளர் சங்கத்தின் சந்தா வசூலுக்காகத் தொழிலாளர் குடியிருப்புக்குப் போயிருந்தேன். சங்கத்து அம்மாள் ஒருவர், "தோழர், என் மகள் ரெண்டு நாளா பள்ளிக்கூடம் போகமாட்டேங்கிறா. நீங்களாவது என்னன்னு கேளுங்க" என்றார். சிறுமி நான்காம் வகுப்பு. எவ்வளவு கேட்டும் வாய் திறக்கவில்லை. கடைசியில் அவளுடைய அண்ணன்தான் சொன்னான்.

வகுப்பில் குப்பையைப் பற்றிப் பாடம் நடந்ததாம். மக்கும் குப்பை பச்சைத் தொட்டிக்கு, மக்காத குப்பை நீலத் தொட்டிக்கு என்று டீச்சர் படம் போட்டு விளக்கினாராம். "குப்பையைத் தொட்டால் கிருமி ஒட்டும், நோய் வரும்" என்றும் சொன்னாராம். உடனே பின்னாலிருந்து ஒரு பையன், "டீச்சர், இவளோட அம்மா குப்பை அள்றவங்க!" என்று கத்தியிருக்கிறான். வகுப்பே சிரித்தது. மறுநாள் மத்தியானம் சாப்பாட்டுத் தட்டோடு அவள் பக்கத்தில் உட்கார ஒரு குழந்தையும் வரவில்லை.

அந்த டீச்சர் மீது எனக்குக் கோபமில்லை. தமக்குத் தெரிந்ததை நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். ஆனால் அந்தப் பாடத்தைச் சற்று யோசித்துப் பாருங்கள். அதில் குப்பை இருந்தது, தொட்டி இருந்தது, கிருமியும் இருந்தது. இரண்டு பேர் மட்டும் இல்லை. குப்பையை அள்ளுகிறவர் இல்லை. குப்பையை உற்பத்தி செய்கிறவனும் இல்லை!

இது வேண்டாத பாடம் என்று நாம் சொல்லவில்லை. பள்ளிகளில் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு 1991-ம் ஆண்டிலேயே உத்தரவிட்டது. வீட்டுக் குப்பையை மூன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டுமென்று 2016-ம் ஆண்டு விதிகள் கூறின. தேவை இல்லாமலா? சென்னை மாநகரில் மட்டும் நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேருகிறது. வடக்கே கொடுங்கையூரிலும் தெற்கே பெருங்குடியிலும் பல ஆண்டுகளாகக் கொட்டிக் கொட்டி மலையாக்கிவிட்டார்கள். பெருங்குடி மலை எழுந்தது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில். 2022 ஏப்ரலில் அது தீப்பிடித்து நாட்கணக்கில் புகைந்தது. அந்தப் புகையைச் சுவாசித்தவர்களில் குழந்தைகள் இல்லையா? ஆகவே பாடம் வேண்டும். ஆனால் முழுப் பாடமாக வேண்டும்.

அள்ளுகிறவர் யார்?

குப்பையை ஏன் பிரிக்க வேண்டும்? "ஊர் சுத்தமாக இருக்கும்" என்பது பாதிப் பதில்தான். அந்தக் குப்பைக்குள் ஒரு மனிதரின் கை போகிறது என்பதே முதல் பதில். உடைந்த கண்ணாடியும், பழைய பிளேடும், ஊசியும், சோற்று மிச்சமும் ஒரே பையில் கிடந்தால் கிழிவது யார் கை? இதைப் பத்து வயதுக் குழந்தைக்குப் புரிய வைப்பது கஷ்டமல்ல. சட்டத்தையும் அபராதத்தையும்விட இது சீக்கிரம் மனதில் பதியும்.

பழையதை மீண்டும் பயன்படுத்துவதை நாட்டுக்கு யாரோ நேற்று வந்து கற்றுத் தரவில்லை. ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிக்கொண்டு தெருவில் வந்தவர் யார்? பழைய பேப்பர் கடையும் காயலான் கடையும் என்ன செய்கின்றன? விடியுமுன் சாக்குப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பாட்டிலையும் தகரத்தையும் பொறுக்குகிறவர்கள்தான் இந்த நாட்டின் பெரும் மறுசுழற்சிப் படை. அவர்களுக்குச் சம்பளமில்லை, லீவு இல்லை, பென்ஷன் இல்லை. பாடத்தில் ஒரு வரியும் இல்லை!

நகராட்சித் தொழிலாளரின் கதி என்ன? 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் பதின்மூன்று நாள் அமர்ந்திருந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். "எங்களைக் கம்பெனிக் காண்டிராக்டுக்குத் தள்ளாதீர்கள், நிரந்தரமாக்குங்கள்" என்பதுதான் அவர்கள் கோரிக்கை. பதின்மூன்றாம் நாள் இரவு போலீசார் அவர்களை அப்புறப்படுத்தினார்கள். பகலில் குழந்தைகளிடம் "தூய்மையே சேவை" என்று கோஷம் போடச் சொல்லிவிட்டு, இரவில் தூய்மை செய்கிறவரை வண்டியிலேற்றினால் குழந்தை எதைக் கற்றுக்கொள்ளும்?

இன்னொன்றையும் மறைக்க முடியாது. இந்த வேலையை யார் தலையில் சாதி சுமத்தியிருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். 2022-ம் ஆண்டு ஈரோடு மாவட்டத்தில் ஆரம்பப் பள்ளி ஒன்றில் தாழ்த்தப்பட்ட வகுப்புக் குழந்தைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாகத் தலைமையாசிரியை ஒருவர் கைதானார். சுத்தத்தைக் கற்பிக்கிறோம் என்ற பெயரில் துடைப்பத்தைச் சிலர் கையில் மட்டும் கொடுத்தால், அது சாதிப் பாடம்தான். சுகாதாரப் பாடம் அல்ல.

உற்பத்தி செய்கிறவன் யார்?

பள்ளிக்கூட வாசல் பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக்கின் மேல் பிளாஸ்டிக், நடுவே மெல்லிய அலுமினியப் பூச்சு. இதை அடுக்கடுக்காகப் பிரிக்க முடியாது. மக்கவும் மக்காது. பழைய பேப்பர் கடைக்காரரும் எடைக்கு எடுக்கமாட்டார். குழந்தை இதைச் சரியாக நீலத் தொட்டியில் போட்டாலும் கடைசியில் போய்ச் சேருவது குப்பை மேட்டுக்கு, அல்லது நெருப்புக்கு.

இது சர்க்காருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். மறுசுழற்சிக்கு உதவாத இத்தகைய பல அடுக்குப் பிளாஸ்டிக்கை இரண்டே ஆண்டில் ஒழிக்க வேண்டுமென்று 2016-ம் ஆண்டு விதி சொன்னது. கெடு முடியும் நேரத்தில், 2018 மார்ச்சில், மத்திய சர்க்கார் விதியையே திருத்தியது. எரித்துச் சக்தி எடுக்கவும் முடியாத, வேறெந்த உபயோகமும் இல்லாத பாக்கெட்டுகளை மட்டும் ஒழித்தால் போதும் என்றாயிற்று. சிமெண்டு ஆலைச் சூளையில் போட்டு எரிக்கலாம் என்று காட்டிவிட்டால் கம்பெனிக்காரனுக்கு விடுதலை! 2022 ஜூலையில் நாடு முழுவதும் ஒருமுறை பிளாஸ்டிக்கைத் தடை செய்தார்கள். உறிஞ்சு குழலும், கரண்டியும், தட்டும் பட்டியலில் வந்தன. சிப்ஸ் பாக்கெட்டும் ஷாம்பு பாக்கெட்டும் வரவில்லை. எரிக்கும் வழி யாருக்கு நெருப்பு வைக்கும் என்று அறிந்துதான், கொடுங்கையூர் எரியுலைத் திட்டத்தை எதிர்த்து 2025 மே மாதம் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலியாகக் கைகோத்து நின்றார்கள்.

மனமிருந்தால் மார்க்கமுண்டு. 2022-ல் ஹைகோர்ட்டு உத்தரவின் பேரில் நீலகிரி மாவட்டத்தில் மதுப் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் அதிகம் வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் தந்தார்கள். காட்டில் உடைந்து கிடந்த பாட்டில்கள் கடைக்குத் திரும்பின. பாட்டிலுக்கு முடிந்தது பாக்கெட்டுக்கு ஏன் முடியாது? லாபம் கம்பெனிக்கு, குப்பை நகராட்சிக்கு, உபதேசம் மட்டும் குழந்தைக்கு! இது என்ன நியாயம்?

பள்ளிக்கூடத்தில் என்ன செய்யலாம்?

சத்துணவுக் கூடத்தின் பின்புறத்திலிருந்து பாடத்தைத் தொடங்கலாம். காய்கறித் தோலும் முட்டை ஓடும் அங்கே தினமும் விழுகின்றன. ஒரு குழி, ஒரு அடுக்கு காய்கறிக் கழிவு, ஒரு அடுக்கு காய்ந்த சருகு, கொஞ்சம் சாணிக் கரைசல். இரண்டு மாதத்தில் எரு. அந்த எருவில் ஒரு முருங்கை. அந்தக் கீரை மறுபடி சத்துணவுக்கு. இதைவிடத் தெளிவான மறுசுழற்சிப் பாடம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? பக்கத்திலேயே இன்னொரு குழியில் வாழையிலையையும் சிப்ஸ் பாக்கெட்டையும் சேர்த்துப் புதைத்து, மூன்று மாதம் கழித்துக் குழந்தைகள் முன்னால் தோண்டுங்கள். எது மண்ணாயிற்று, எது அப்படியே கிடக்கிறது என்பதை அவர்களே சொல்வார்கள். அந்தப் பாக்கெட்டில் அச்சிட்ட கம்பெனியின் பெயரை அவர்களையே படிக்கச் சொல்லுங்கள். அதுவும் எழுத்துப் பயிற்சிதானே!

கேரளத்து ஆலப்புழையைப் பாருங்கள். நகரத்துக் குப்பையைத் தங்கள் தலையில் கொட்டவிடமாட்டோம் என்று சர்வோதயபுரம் கிராம மக்கள் 2012-ல் எதிர்த்து நின்றார்கள். அதன் பிறகு தோழர் தாமஸ் ஐசக் முன்நிற்க, வீட்டுக்கு வீடு, வார்டுக்கு வார்டு எருத் தொட்டிகளும் உயிரி எரிவாயுக் கலங்களும் வைத்து, மக்கும் குப்பையை அந்தந்த இடத்திலேயே தீர்த்தார்கள். குப்பைப் பிரச்னையைச் சமாளித்த உலகின் ஐந்து நகரங்களில் ஒன்றாக 2017-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு ஆலப்புழையைக் குறிப்பிட்டது. ஜனங்களை நம்பிச் செய்த வேலை அது.

நாம் கோருவது இவைதான். குப்பைப் பாடத்தில் துப்புரவுத் தொழிலாளியின் உழைப்பும் பெயரும் இடம்பெற வேண்டும். குழந்தைகளைத் துப்புரவு வேலைக்கு ஏவுவது அறவே நிற்க வேண்டும். ஒவ்வொரு ஆரம்பப் பள்ளிக்கும் ஒழுங்கான சம்பளத்தில் துப்புரவுப் பணியாளரைப் போட வேண்டும். நகராட்சித் தூய்மைப் பணியாளர்களை நிரந்தரமாக்க வேண்டும். மறுசுழற்சிக்கு உதவாத பாக்கெட்டைச் செய்கிறவனே அதைத் திரும்ப எடுக்க வேண்டும். முடியாதென்றால் செய்யக் கூடாது.

அந்தச் சிறுமியின் விஷயம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். மறுநாள் அம்மாளும் நானும் டீச்சரைப் போய்ப் பார்த்தோம். விஷயத்தைக் கேட்டதும் அவர் கண் கலங்கிவிட்டது. "நீங்களே வந்து பாடம் சொல்லுங்கம்மா" என்றார். அடுத்த வாரம் அந்த அம்மாள் வேலை முடிந்து, சட்டையும் கையுறையும் போட்டபடியே வகுப்புக்குப் போனார். கையிலிருந்த மூன்று தழும்புகளைக் காட்டி, ஒவ்வொன்றும் எந்த வீட்டுப் பையிலிருந்து எப்படி வந்ததென்று சொன்னார். அன்று கத்திய அதே பையன் எழுந்து, "அக்கா, பிளேடை எதுல சுத்திக் குடுக்கணும்?" என்று கேட்டானாம்.

சிறுமி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அந்த ஒரு வகுப்பு மாறிவிட்டது. மற்ற வகுப்புகளை மாற்றுவது உபாத்தியாயர்களும் பெற்றோர்களும் சங்கங்களும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. உங்கள் ஊர்ப் பள்ளியில் தொடங்குங்கள், தோழர்களே!