வாசல் சாக்கடையும் வாஷிங்டனும்

தில்லியில் யார் பிரதமராக வரவேண்டும் என்பதில் செங்கல்பட்டு டீக்கடைகளுக்கு எப்போதுமே தெளிவான கருத்து உண்டு. வாஷிங்டனில் யார் வந்தால் தேவலை என்பதிலும் உண்டு. 'உங்க வார்டு கவுன்சிலர் யாருங்க?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். டீ ஆறிப்போகும்.

எனக்குத் தெரிந்த ரிடையர்டு சார் ஒருவர் லோக்சபா, சட்டசபை தேர்தல் என்றால் காலை ஏழு மணிக்கே க்யூவில் நிற்பார். உள்ளாட்சித் தேர்தலா? "அதெல்லாம் சின்ன எலெக்‌ஷன் சார், நம்ம ஒரு ஓட்டுல என்ன ஆயிடப் போகுது?" என்றார். சொல்லிக்கொண்டே வாசல் சாக்கடையை லாகவமாக ஒரு தாண்டு தாண்டினார். அந்தச் சாக்கடைக்கு மூடி போடப் பிரதமர் வரமாட்டார் சார்!

ஒரு கணக்குப் போடுவோம். லோக்சபா தொகுதி என்றால் பத்து லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள். அந்தக் கடலில் நம் ஓட்டு ஒரு சொட்டு. செங்கல்பட்டு நகராட்சியில் 2011 கணக்கெடுப்புப்படி ஜனத்தொகை 62 ஆயிரத்துச் சொச்சம், வார்டுகள் 33. சராசரியாக வார்டுக்கு 1,900 பேர், தொட்டில் குழந்தை உட்பட! ஆக, நம் ஓட்டுக்கு எடை அதிகமாக இருக்கிற இடமே இந்தச் 'சின்ன' எலெக்‌ஷன்தான்.

ஆனால் நடப்பது என்ன? 2021 சட்டசபைத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க நூற்றுக்கு 70 பேருக்கு மேல் ஓட்டுப் போட்டார்கள். 2022 பிப்ரவரி 19ல் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் அது சுமார் 61 ஆக இறங்கியது. பக்கத்துச் சென்னையில் 44க்குப் பக்கம். சனிக்கிழமை, லீவு வேறு. மிச்சப் பேர் மாமல்லபுரத்துக்கு வந்து வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்களோ என்னவோ!

நூற்றுக்கு 44 பேர் வந்து, போட்டியில் நாலைந்து பேர் நின்றால், இருபது பேர் ஓட்டு வாங்கியவர் ஜெயித்துவிடலாம். மிச்சம் எண்பது பேருக்கும் அவர்தான் கவுன்சிலர். அதோடு, வருகிறவர்கள் குறைந்தால் முதல் நாள் ராத்திரி 'கவனிக்க' வேண்டிய தலைகளும் குறைவு. வேட்பாளருக்கு எவ்வளவு சிக்கனம்!

'ஒரு ஓட்டுல என்ன ஆயிடும்?' என்பதற்குப் பக்கத்து மாநிலத்திலேயே பதில் இருக்கிறது. 2004ல் கர்நாடகாவின் சந்தேமரஹள்ளி சட்டசபைத் தொகுதியில் ஏ.ஆர். கிருஷ்ணமூர்த்தி தோற்றது ஒரே ஒரு ஓட்டில். 2008ல் ராஜஸ்தானின் நாத்துவாராவில் சி.பி. ஜோஷி தோற்றதும் ஒரே ஒரு ஓட்டில். சட்டசபைத் தொகுதிக்கே இந்தக் கதி என்றால், 1,900 பேர் இருக்கிற வார்டுக்குக் கேட்கவா வேண்டும்?

கவுன்சிலரே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தாகிவிட்டது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. அப்புறம் கோர்ட், வழக்கு, வார்டு மறுவரையறை என்று இழுத்து, ஐந்து வருஷத்துக்கு மேல் நம் நகராட்சிகளில் தனி அதிகாரிகள் ராஜ்ஜியம். குழாயில் தண்ணீர் வராவிட்டால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் ஜனங்கள் முழித்தார்கள்.

இத்தனைக்கும் நாம் சாதாரண ஊர்க்காரர்களா? பழைய செங்கல்பட்டு மாவட்டத்து உத்திரமேரூரில், சுமார் 1,100 வருஷத்துக்கு முன்பு, முதலாம் பராந்தகன் காலத்திலேயே ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். கணக்குக் காட்டாதவன் நிற்கவே முடியாது என்று கோயில் சுவரில் வெட்டி வைத்தார்கள். நிலபுலன் உள்ளவர்களுக்குத்தான் அந்த உரிமை, பெண்களுக்குக் கிடையாது. இன்றைக்கு எல்லோருக்கும் இருக்கிறது. நாம்தான் டி.வி. பார்க்கிறோம்.

உள்ளாட்சித் தேர்தலில் இரண்டு பேர் சம ஓட்டு வாங்கினால் இன்றைக்கும் குலுக்கல்தான். சீட்டை மடித்துப் போட்டு ஒன்றை எடுப்பார்கள். அன்றைக்கு வீட்டில் படுத்திருந்த ஒரே ஒரு புண்ணியவான் எழுந்து வந்திருந்தால் குலுக்கலே வேண்டியிருக்காது.

அடுத்த உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பு வந்ததும், வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் எந்த வார்டில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஓட்டுப் போட்டுவிட்டு வெண்ணெய் உருண்டையைப் பார்க்கப் போகலாம். ஆயிரத்துச் சொச்சம் வருஷமாக அது உருளாமல் அங்கேயேதான் நிற்கிறது. சாயங்காலம் வரை காத்திருக்காதா?