தடிமன் என்னும் ஒரே சொல்

குளிர்காலம் தொடங்கியதும் எம்மவர் வீடுகளில் ஒரு சொல் ஓயாது ஒலிக்கத் தொடங்கும். மூக்கு ஒழுகினாலும் தடிமன். மூன்று நாட்களாக எழும்ப முடியாது காய்ச்சலிற் கிடந்தாலும் தடிமன். கைக்குழந்தை மூச்சு வாங்கினாலும் தடிமன். தலையில் பனி பட்டுவிட்டது என்ற விளக்கத்தோடு ஆராய்ச்சி முடிந்துவிடும். இந்த ஒரு சொல்லே எம் முதியோரையும் குழந்தைகளையும் காலம் தாழ்த்தி வைத்தியசாலைக்கு அனுப்புகிறது என்பது எமது கருத்து.

பனி நோயைத் தருவதில்லை. கிருமிகளே தருகின்றன. குளிருக்கு அஞ்சி யன்னல்களைச் சாத்திவிட்டு ஒரே அறைக்குள் நெருங்கி வாழும் காலத்தில் அவை ஒருவரிடமிருந்து மற்றவருக்கு எளிதிற் தாவுகின்றன. அக்கிருமிகள் பலவகை. அவை செய்யும் கேடும் ஒரே அளவினதன்று.

உண்மையான தடிமன் மெல்ல வரும். முதலில் தொண்டை கரகரக்கும், பின்னர் தும்மலும் மூக்கடைப்பும். வளர்ந்தவர்களுக்குக் கடுங்காய்ச்சல் அரிது. பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாட்களில் தானே விலகும். கொத்தமல்லிக் குடிநீரும் ஓய்வும் இதற்குப் போதும்.

இன்புளுவென்சா அவ்வாறன்று. அது திடீரெனத் தாக்கும். காலையில் வேலைக்குச் சென்றவர் மாலையில் நடுக்கத்தோடு படுக்கையில் விழுவார். கடுங்காய்ச்சல், உடல் உளைவு, தலையிடி, வறட்டு இருமல், எழும்ப இயலாத சோர்வு என்பன அதன் அடையாளங்கள். ஆயினும் முதியவர்களுக்குக் காய்ச்சல் காயாமலே இந்நோய் முற்றிவிடக் கூடும். இதற்கென மருந்து உண்டு. நோய் தொடங்கி 48 மணித்தியாலங்களுக்குள் எடுத்தாலே அது முழுப்பயன் தரும். 'தடிமன்தானே, பார்ப்போம்' என்று நாம் கழிக்கும் இரண்டு நாட்கள் அந்த 48 மணித்தியாலங்களே.

கோவிட் இவை இரண்டின் வேடத்தையும் போட்டு வரும். 2020 இல் பலரும் அடையாளமாகக் கொண்ட மணம், சுவை இழப்பு இப்போது முன்போல் அதிகம் காணப்படுவதில்லை. பரிசோதனை ஒன்றே இதனைக் காட்டிக் கொடுக்கும். ஆபத்துக் கூடியவர்களுக்கான மாத்திரைகளை முதல் 5 நாட்களுக்குள் தொடங்க வேண்டும்.

நான்காவது, ஆர்.எஸ்.வி. எனப்படும் கிருமி. எமக்கு வெறும் மூக்கொழுகலாக வருவது, நாம் கொஞ்சும் பச்சிளங்குழந்தையின் சிறு மூச்சுக்குழாய்களை அடைத்துவிடும். அம்மம்மாவுக்கோ அது நியுமோனியாவாக மாறலாம்.

இந்த அடையாளங்கள் ஒன்றோடொன்று கலந்து வருவதால் வைத்தியர்களாலும் பார்த்த மாத்திரத்திற் பிரித்தறிய இயலாத வேளைகள் உண்டு. ஆகவே எம்மிடம் எதிர்பார்க்கப்படுவது நோயின் பெயரன்று. எப்போது தொடங்கியது, மெல்லவா திடீரெனவா வந்தது, காய்ச்சல் எத்தனை பாகை என்ற விபரங்களே. நீரிழிவு, இருதய நோய், ஆஸ்துமா உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், 65 வயதைக் கடந்தவர்களும் முதல் நாளே வைத்தியருடன் பேச வேண்டும். ஒன்ராறியோவில் 811 என்ற இலக்கத்தை எந்நேரமும் அழைத்துத் தாதியரிடம் ஆலோசனை பெறலாம். மொழிபெயர்ப்பு உதவி கேட்கவும் தயங்க வேண்டாம்.

மூச்சு முட்டுதல், நெஞ்சு நோ, உதடு நீலமாதல், முதியவர் நிலை தடுமாறிப் பேசுதல், குழந்தை பால் குடியாமை, மூச்செடுக்கையில் அதன் விலா உள்ளிழுத்தல் ஆகியவற்றைக் கண்டால் தாமதியாது 911 ஐ அழைக்க வேண்டும். மூன்று மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு 38 பாகைக் காய்ச்சல் கண்டாலும், தணிந்த காய்ச்சல் மீண்டும் மூண்டாலும் அன்றே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

'வைத்தியர் வெறும் ரைலனோல் போடச் சொல்லி அனுப்பிவிட்டார்' என்று குறைப்படுவோரும் எம்மிடையே உளர். மேற்சொன்ன நான்கும் வைரசுகளால் வருவன. அன்ரிபயோற்றிக் மருந்துகள் வைரசுகளைத் தீண்டா. வேண்டாத இடத்தில் அவற்றைக் கேட்டு வாங்குவது, உண்மையிலே தேவைப்படும் நாளில் அவை பயன்படாமற் போவதற்கே வழிசெய்யும்.

நோயோடு வேலைக்குச் செல்லும் எம் மக்களை நாம் வெறுமனே கடிந்துகொள்ள விரும்பவில்லை. மணித்தியாலக் கூலியில் வாழும் குடும்பத்திற்கு ஒரு நாள் இழப்பும் பெரிது. ஒன்ராறியோச் சட்டம் பெரும்பாலான தொழிலாளருக்கு ஆண்டிற்கு மூன்று நோய் விடுப்பு நாட்களைத் தருகிறது. அவற்றுக்குச் சம்பளம் இல்லை. 2024 ஒக்ரோபர் முதல் அந்நாட்களுக்கு வைத்தியர் கடிதம் கேட்கத் தடை உண்டு என்பது ஓரளவு ஆறுதல். சம்பளத்துடனான விடுப்புக்குக் குரல் கொடுப்பதும் நோய்த்தடுப்பின் ஒரு பகுதியே என்போம். அதுவரை, வேலைக்குப் போகத்தான் வேண்டுமெனில் முகக்கவசம் அணிவோம். கொண்டாட்டங்களையேனும் தவிர்ப்போம். இருமலோடு பிறந்தநாள் விழாவுக்குச் செல்வதைக் கடமை என எவரும் எண்ண வேண்டியதில்லை.

ஒன்ராறியோவில் 2000 ஆம் ஆண்டு முதல் ஆறு மாதக் குழந்தை தொடக்கம் அனைவருக்கும் இன்புளுவென்சாத் தடுப்பூசி இலவசமாகக் கிடைக்கிறது. 'ஊசி போட்டால் காய்ச்சல் வரும்' என்று அதனை மறுப்பவர் பலர். அந்த ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை. ஓரிரு நாள் கைநோவும் சிறு காய்ச்சலும் உடல் விழித்துக்கொண்டதன் அறிகுறி. ஆர்.எஸ்.வி. நோய்க்கும் 2023 முதல் கனடாவில் முதியோருக்குத் தடுப்பூசியும் குழந்தைகளுக்குப் பாதுகாப்பு ஊசியும் அங்கீகரிக்கப்பட்டுள்ளன. எம் வீட்டில் எவருக்கு அவை உரியன எனக் குடும்ப வைத்தியரிடம் கேட்டறிவோம்.

மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் வாழ்வது எம் பெருமை. அந்தக் கூரையின் கீழ் ஒருவரின் அலட்சியம் இன்னொருவரின் மூச்சை வாங்கிவிடக்கூடாது. அடுத்த முறை 'வெறும் தடிமன்' என்று சொல்லுமுன், எப்போது தொடங்கியது, எப்படித் தொடங்கியது, வீட்டில் எவரெவர் இருக்கின்றனர் என்ற மூன்று கேள்விகளையும் எமக்குள் கேட்டுக்கொள்வோம்.