‘காசு கட்டியாச்சு’ என்பது ஒரு காரணமா?

நம் வீடுகளில் எந்த விவாதத்தையும் ஒரே நொடியில் முடித்துவைக்கும் வாக்கியங்கள் சில உண்டு. ‘ஊர் என்ன சொல்லும்’ அதில் மூத்தது. ‘அப்பா வாக்கு குடுத்துட்டாரு’ அதற்கு அடுத்தது. இவற்றோடு இப்போது சேர்ந்திருப்பது ‘காசு கட்டியாச்சு’. பையனுக்குப் பிடிக்காத இன்ஜினியரிங் படிப்பில் இரண்டாம் வருஷமும் அவன் உட்கார்ந்திருப்பது இதனால்தான். பொருந்தாது என்று இரண்டு வீட்டுக்கும் தெரிந்த பிறகும், மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்ட காரணத்தால் நடந்த கல்யாணங்களும் உண்டு. இந்த வரிசையில் நான் இங்கே எடுத்துக்கொள்வது சிறியதாகத் தெரியும் ஒன்றை. குடும்பத்தோடு டூர் போகப் பணம் கட்டியாகிவிட்டது, போனால் தாங்காது என்பதும் தெரிந்துவிட்டது. போவதா, ரத்து செய்வதா?

பெரும்பாலான வீடுகளில் பெரும்பாலான நேரம் ரத்து செய்ய வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. ‘விரலுக்கேத்த வீக்கம் வேணும்’ என்று ஆரம்பிக்கிற பெரியவர்களோடு நான் இல்லை. அவர்களிடம் பிறகு வருகிறேன்.

முதலில் கணக்கு. புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில், தவளக்குப்பத்துக்குக் கிழக்கே, கடலை ஒட்டி இருக்கும் ஊர் பூரணாங்குப்பம். அங்கே ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். நான்கு பேர். மணாலிக்கு ஒரு வாரப் பேக்கேஜ், 1,20,000 ரூபாய். அதில் 40,000 நகையை அடகு வைத்தது, மீதி கார்டில் இஎம்ஐ. கட்டி முடித்த பிறகு ஏதோ ஒன்று நடக்கிறது. வேலை போகிறது, அல்லது வீட்டில் ஒருத்தருக்கு ஆபரேஷன், அல்லது ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம் நினைத்ததைவிட அதிகம். ரத்து செய்தால் 60,000 திரும்ப வரும் என்கிறார் ஏஜென்ட். போனாலோ சாப்பாடு, ஆட்டோ, குதிரை சவாரி, குழந்தைகள் கேட்கிற ஸ்வெட்டர், சொந்தக்காரர்களுக்கு வாங்கி வர வேண்டிய சால்வை என இன்னும் 30,000 ஆகும்.

இந்த இடத்தில் எல்லா வீடுகளிலும் ஒரே பேச்சு. ‘கேன்சல் பண்ணா அறுபதாயிரம் தண்டம். அதுக்குப் போயிட்டே வந்துடலாம்.’ கேட்க நியாயமாக இருக்கிறது. கணக்காகப் பார்த்தால் தவறு. போகாவிட்டால் தண்டமாகும் 60,000 போனாலும் திரும்ப வராது. அது இரண்டு பக்கமும் போய்விட்ட பணம், ஆகவே எந்தப் பக்கமும் சேராது. தராசில் இருப்பது வேறு. ரத்து செய்தால் கைக்கு வரும் 60,000, போனால் புதிதாகச் செலவாகும் 30,000. ஆக, இன்றைய தேதியில் அந்த மணாலியின் விலை 90,000. கேட்க வேண்டிய கேள்வி இது: ‘கையில் அறுபதாயிரம் இருக்கு, இன்னொரு முப்பதாயிரம் கடன் வாங்கி அடுத்த வாரம் மணாலி போவோமா?’ இப்படிக் கேட்டால் அந்த வீட்டிலேயே எல்லோரும் சிரித்துவிடுவார்கள். ஆனால் ‘காசு கட்டியாச்சு’ என்று ஆரம்பித்தால் அதே வீடு பெட்டி கட்ட ஆரம்பித்துவிடும்.

இது நம் ஊர்க்காரர்களின் தனிக்குணம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அமெரிக்காவில் 1985-ல் ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் ப்ளூமர் என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில் வரும் கேள்வியே ஒரு டூர் பற்றியதுதான். மிச்சிகனுக்கு 100 டாலர் கொடுத்து பனிச்சறுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறீர்கள். விஸ்கான்சினுக்கு 50 டாலரில் இன்னொன்று. விஸ்கான்சின்தான் அதிகம் பிடிக்கும் என்று நீங்களே நினைக்கிறீர்கள். இரண்டும் ஒரே வார இறுதியில் வருகிறது, எதையும் திருப்பித் தர முடியாது. எங்கே போவீர்கள்? பதில் சொன்ன 61 பேரில் 33 பேர் மிச்சிகன் என்றார்கள். அதாவது, குறைவாகச் சந்தோஷம் தரும் இடத்துக்கு, அதிகக் காசு கொடுத்த ஒரே காரணத்துக்காக. படித்தவர், படிக்காதவர், வெள்ளைக்காரர், நாம் என்ற பேதமெல்லாம் இதில் இல்லை.

பொருளாதாரப் பாடப்புத்தகம் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளும். போன காசு போனதுதான், முன்னே பார், முடிந்தது பாடம். யூட்யூபில் பண ஆலோசனை சொல்கிறவர்களும் இங்கேதான் கை தட்டி முடிக்கிறார்கள். எனக்கு இது போதவில்லை. ஏனென்றால் ஒரு குடும்பத்தில் கட்டப்பட்ட பணம் வெறும் பணமாக இருப்பதில்லை. அது சின்னவளிடம் ‘பனியைத் தொட்டுப் பாக்கலாம்’ என்று கொடுத்த வாக்கு. பதினைந்து வருஷமாக அடுப்படியை விட்டு நகராத ஒரு அம்மாவுக்கு ஏழு நாள் சமைக்காமல் இருக்கக் கிடைத்த வாய்ப்பு. இதை ‘மூழ்கிய செலவு’ என்று சொல்லித் தள்ளிவிட முடியுமா? முடியாது. போக வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் எல்லோரும் கணக்குத் தெரியாதவர்கள் இல்லை. அவர்கள் காப்பாற்ற நினைப்பது அந்த வாக்கை.

ஆகவே நாம் பிரித்துப் பார்க்க வேண்டியது பணத்தையும் வாக்கையும். பணம் பேக்கேஜுக்குக் கட்டப்பட்டது. வாக்கு பிள்ளைகளுக்குக் கொடுக்கப்பட்டது. பேக்கேஜை ரத்து செய்வதாலேயே வாக்கு ரத்தாகிவிடாது. சின்னவளிடம் உண்மையைச் சொல்லி, ‘இந்த வருஷம் பனி இல்லை, ஆனா நாலு நாள் நாம எல்லாரும் ஒண்ணா எங்கயாவது போறோம், அம்மா சமைக்கப் போறதில்லை’ என்றால் அவளுக்குப் புரியும். புரியாமல் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாலும் அது இரண்டு நாள். கடன் தவணை இருபத்துநாலு மாதம். அந்த இருபத்துநாலு மாதமும் வீட்டில் யார் யாரிடம் எரிந்து விழுவார்கள் என்பது அந்தக் குழந்தைக்கும் தெரியத்தான் போகிறது.

இப்போது பெரியவர்களிடம் வருகிறேன். ‘நமக்கெல்லாம் எதுக்கு டூரு? சுண்ணாம்பாறு போட் ஹவுஸுக்குப் போயிட்டு வந்தா ஆகாதா?’ என்கிறவர்கள். பூரணாங்குப்பத்துக்காரரிடம் இதைச் சொல்வதில் ஒரு கொடுமை இருக்கிறது. பக்கத்து நோணாங்குப்பத்தில்தான் அந்தப் படகுத் துறை. சனி ஞாயிறானால் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கார்கள் வந்து நிற்கின்றன. அடுத்தவர்களின் விடுமுறை இவர்கள் வாசலில்தான் நடக்கிறது. அறை துடைப்பதும், மீன் வறுப்பதும், படகு ஓட்டுவதும் இந்தப் பக்கத்து ஆட்கள். வருஷம் முழுக்க மற்றவர்கள் ஓய்வெடுப்பதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்கிறவருக்கு, தானும் ஒருமுறை விருந்தினராக எங்காவது போய் இறங்க வேண்டும் என்று தோன்றினால் அது ஆடம்பரமா? வருஷா வருஷம் இமாச்சலுக்குப் போய் வந்து, மலையடிவார டீக்கடை பற்றிக் கவிதை எழுதுகிற நாம் அதைச் சொல்ல எந்தத் தகுதியும் இல்லாதவர்கள்.

விடுமுறை உரிமைதான். அதன் வரலாறு புதுச்சேரிக்காரர்களுக்குச் சம்பந்தமில்லாததும் அல்ல. 1936 ஜூன் மாதம், பிரான்சில் மக்கள் முன்னணி அரசு, மாபெரும் வேலைநிறுத்த அலைக்குப் பிறகு, தொழிலாளர்களுக்கு வருஷத்தில் இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை என்று சட்டம் போட்டது. அந்தக் கோடையில் முதல்முறையாகக் கடலைப் பார்த்த பிரெஞ்சுத் தொழிலாளர் குடும்பங்கள் ஏராளம். அதற்கு அடுத்த மாதம், ஜூலை 30, அதே பிரான்சின் ஆட்சியிலிருந்த புதுச்சேரியில், எட்டு மணி நேர வேலை உள்ளிட்ட கோரிக்கைகளோடு நின்ற மில் தொழிலாளர்கள் மேல் துப்பாக்கிச் சூடு. 12 பேர் செத்தார்கள். ஒரே அரசு, ஒரே கோடை. அங்கே கடற்கரை, இங்கே குண்டு. வ. சுப்பையா போன்றவர்கள் தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான் இங்கே எட்டு மணி நேர வேலை சட்டமானது.

இதை நான் இங்கே இழுத்து வருவதற்குக் காரணம் இருக்கிறது. அன்றைக்கு விடுமுறை என்றால் நேரமும் சம்பளமும். வேலைக்கு வராத நாளுக்கும் கூலி உண்டு என்பது அதன் அர்த்தம். இன்றைக்கு நம்மிடம் விற்கப்படும் விடுமுறையில் அந்த இரண்டும் கிடையாது. அரசு ஊழியருக்கு எல்டிசி இருக்கிறது. போய்வர டிக்கெட் காசும் கிடைக்கும், விடுப்பில் சம்பளமும் கிடைக்கும். மில்லில் வேலை பார்த்த தலைமுறைக்கு ஏதோ கொஞ்சம் இருந்தது. ஏஎஃப்டி மில்லும் 2020-ல் மூடப்பட்டுவிட்டது. அவர்களின் பிள்ளைகள் ஒப்பந்த வேலையில், டெலிவரியில், ரிசார்ட்டில். ஒரு வாரம் ஊரில் இல்லையென்றால் ஒரு வாரக் கூலி இல்லை. விசைப்படகில் போகிறவர் வீட்டைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பிள்ளைகளுக்கு லீவு விடுவதும் அதே மே மாதம். நேரம் இருக்கும்போது வருமானம் இல்லை, வருமானம் இருக்கும்போது நேரம் இல்லை. இந்த ஓட்டையைத்தான் ‘இப்போ போங்க, அப்புறம் கட்டுங்க’ என்று வந்து இஎம்ஐ அடைக்கிறது. கூலி உயர்வாக வந்திருக்க வேண்டிய விடுமுறை, கடனாக வருகிறது. அதை வாங்கியவரைப் பார்த்து ‘வசதிக்கு மீறி’ என்று சொல்வது, சம்பளம் கொடுக்காதவரைத் தப்பிக்கவிட்டு வாங்கியவரை உதைப்பது.

ஆனால் அதே காரணத்தால்தான் ரத்து செய்யச் சொல்கிறேன். உரிமை என்று நினைத்து நாம் பிடித்துக்கொண்டிருப்பது உரிமையே இல்லை, அது ஒரு கடன் ஒப்பந்தம். அதை விடாமல் பிடித்துக்கொள்வதால் எந்த முதலாளியும் நமக்கு ஒருநாள் கூடுதல் லீவு தரப்போவதில்லை. கார்டு வட்டி மாதத்துக்கு 3.5 சதவீதம் என்றால் வருஷத்துக்கு 42. கார்டு வட்டிக்கு 30 சதவீத உச்சவரம்பு வைத்த தேசிய நுகர்வோர் ஆணையத்தின் 2008 உத்தரவையும் 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. அந்தப் பக்கம் நமக்கு எந்தத் தடுப்புச் சுவரும் இல்லை.

வீட்டுக்குள்ளும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. போவதென்று முடிவு செய்பவர் யார், திருப்பிக் கட்டுபவர் யார்? அடகுக் கடையில் இருப்பது பெரும்பாலும் அம்மாவின் நகை. மகளிர் குழுக் கடன் அவள் பெயரில். ‘நாலு பேருகிட்ட சொல்லியாச்சு, இப்போ போகலைன்னா அசிங்கம்’ என்பது வீட்டு ஆம்பளையின் கௌரவம். நகையை மீட்க அடுத்த வருஷம் முழுக்கச் சீட்டுக் கட்டப்போவது இன்னொருத்தர். ரத்து செய்வதா என்ற வாக்கெடுப்பில், கட்டப்போகிறவருக்கு இரண்டு ஓட்டு கொடுங்கள். முடிவு தானாகத் தெளிந்துவிடும்.

இன்னொரு பக்கம் விற்கிறவர். ரத்து செய்வது இவ்வளவு வலிப்பதற்குக் காரணம் நம் மனசு மட்டுமில்லை, அவர்கள் எழுதிவைத்திருக்கும் நிபந்தனையும்தான். கொரோனா ஊரடங்கில் விமானங்கள் ரத்தானபோது நம் பணத்தை வைத்துக்கொண்டு ‘கிரெடிட் ஷெல்’ என்று ஒரு கூப்பன் நீட்டினார்கள். அதற்கு 2020 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது. அவர்களால் முடியாமல் போனால் அது சூழ்நிலை, நம்மால் முடியாமல் போனால் அபராதம். இதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. 1872-ன் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 74, ஒப்பந்தம் முறிந்தால் நியாயமான இழப்பீடுதான் கேட்கலாம் என்கிறது; எழுதிவைத்த தொகை அதற்கு மேல்வரம்பு மட்டுமே. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நேர்ந்த நஷ்டத்துக்குச் சற்றும் பொருந்தாத அபராதம் விதிக்கும் ஒப்பந்தத்தை ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்றே பெயர் வைத்து அழைக்கிறது. ‘நான் ரீஃபண்டபிள்’ விமான டிக்கெட்டிலும் வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் திரும்ப வந்தாக வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. ரயில் என்றால், உறுதியான டிக்கெட்டைப் போதுமான அளவு முன்கூட்டியே ரத்து செய்தால் ஆளுக்கு ஒரு சிறு தொகைதான் பிடித்தம். நாள் நெருங்க நெருங்க அது டிக்கெட் விலையில் கால், பாதி என்று ஏறும். ஏஜென்ட் மொத்தமாக ‘பாதிதான் வரும்’ என்றால், ஓட்டலுக்கு எவ்வளவு, விமானத்துக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். அதைக் கேட்டாலே பல இடங்களில் பாதி என்பது கொஞ்சம் நகரும். நகரவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்கு மாவட்ட ஆணையத்தில் புகார்க் கட்டணமே கிடையாது. தயங்கித் தயங்கி இரண்டு வாரம் கழித்து ரத்து செய்வதுதான் எல்லாவற்றிலும் மோசம். தயக்கத்துக்கும் ஒரு கட்டணம் உண்டு, அதைத் தினசரி வசூலிக்கிறார்கள்.

ரத்து செய்யக் கூடாத நேரம் உண்டா? உண்டு. ஒரு ரூபாய்கூடத் திரும்ப வராது, போனால் ஆகும் கூடுதல் செலவு கையிருப்பிலேயே அடங்கும், அந்த ஒரு வாரக் கூலி இல்லாமலும் அந்த மாதம் ஓடும் என்றால், போய் வாருங்கள். நிம்மதியாகப் போய் வாருங்கள். அப்போது நீங்கள் போவது கட்டிய காசுக்காக அல்ல, இன்றைய விலை உங்களுக்குக் கட்டுப்படியாவதால். காரணம் சரியாக இருக்கிறது.

நண்பர்களே, இதைப் படிக்கும் பலர் வீட்டில் முதல் சம்பளக்காரர்கள். அப்பா அம்மாவை முதன்முதலாக விமானத்தில் ஏற்றிவிடத் துடிப்பவர்கள். அந்த ஆசையில் அசிங்கப்பட எதுவும் இல்லை, அது நிறைவேறாமல் ஒருமுறை தள்ளிப்போவதிலும் இல்லை. ‘காசு கட்டியாச்சு’ என்று வீட்டில் யாராவது சொன்னால், ‘சரி, இனிமே எவ்ளோ கட்டணும், யாரு கட்டப்போறா?’ என்று கேளுங்கள். அந்த இரண்டு கேள்விக்கும் பதில் வந்த பிறகு பெட்டியை எடுங்கள், அல்லது ஏஜென்டுக்குப் போன் பண்ணுங்கள்.