இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையே!

இந்த வாரம் உங்களோடு சண்டை போடப் போகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்; சண்டையில் பாதி என்னோடும்தான்.

2023 அக்டோபர் 17. விருதுநகர் மாவட்டம் எம். புதுப்பட்டி காவல் நிலைய எல்லைக்குள் இருக்கிறது ரெங்கபாளையம். தீபாவளிக்கு நாலு வாரம்கூட இல்லை. பட்டாசு ஆலையை ஒட்டி மாதிரிப் பட்டாசைக் கொளுத்திப் பார்த்திருக்கிறார்கள். பறந்த பொறி, பக்கத்தில் இருந்த சரக்கில் விழுந்தது என்று போலீஸ் தரப்பில் சொன்னார்கள். 13 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். அதே நாளில் சிவகாசி வட்டாரத்திலேயே கிச்சநாயக்கன்பட்டியில் இன்னொரு விபத்து, அங்கே ஒருவர்.

மறுநாள் காலையில் காபியோடு பேப்பரைப் பிரித்த நாம் என்ன சொன்னோம்? ‘‘அந்தப் பக்கம் இதெல்லாம் சகஜம்ப்பா...’’ அடுத்த பக்கம் புரட்டிவிட்டோம்.

சகஜமா? கொஞ்சம் யோசியுங்கள். அங்கே நடந்தது ஏதோ நமக்குப் புரியாத ரசாயன விவகாரமா? இல்லை. சரக்குக்குப் பக்கத்திலேயே நெருப்பு வைத்தார்கள். அவ்வளவுதான். போன தீபாவளிக்கு உங்கள் மொட்டை மாடியில் பட்டாசுப் பெட்டி எங்கே இருந்தது? மூடி திறந்தபடி, புஸ்வாணத்துக்கு நாலடி தள்ளி. பிள்ளைகள் அதிலிருந்துதான் ஒவ்வொன்றாக எடுத்தார்கள். ரெங்கபாளையத்துக்கும் நம் மாடிக்கும் வித்தியாசம் அளவில் மட்டும்தான்.

பட்டாசு ஆலைகளுக்கு விதிகள் இல்லாமல் இல்லை. செல்போன் கூடாது. நைலான் துணி கூடாது. இரும்புக் கருவி கூடாது. ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. மருந்தைக் குவித்து வைக்கக் கூடாது. வாசலில் மணல் வாளி, தண்ணீர் வாளி. எல்லாம் போர்டில் இருக்கிறது. பிறகு ஏன் மீறுகிறார்கள்? சீசன் அவசரம். எண்ணிக்கைக்குக் கூலி. முதலாளியின் பேராசை. இவை எல்லாவற்றுக்கும் தைரியம் கொடுக்கிற வாக்கியம் ஒன்று இருக்கிறது: ‘‘நேத்தும் இப்படித்தானே செஞ்சோம், ஒண்ணும் ஆகலையே!’’

தமிழ்நாட்டில் அதிகம் பேரைக் கொன்ற வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். 2004 ஜூலை 16-ல் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள் கருகினார்களே, தீ தொடங்கியது எங்கே? சமையல் கூடத்தில். கீற்றுக்குக் கீழே அடுப்பு. அதற்கு முந்தைய நாளும் அதே கீற்று, அதே அடுப்புதான். ஒன்றும் ஆகவில்லை. விபத்துக்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கொட்டகைகளைப் பிரித்தோம். பழக்கத்தைப் பிரிக்கவில்லை.

நான் பி.காம். படித்தவன். எங்களுக்குத் தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. வாங்கிய பொருள் எதுவாக இருந்தாலும் வருஷத்துக்கு வருஷம் அதன் மதிப்பைக் குறைத்து எழுத வேண்டும். ஆயுள் முடிந்தால் கணக்கிலிருந்தே தூக்கிவிட வேண்டும். ஆனால் நம் வீட்டுக் கணக்கில் தேய்மானமே கிடையாது. ஆரஞ்சு நிற கேஸ் டியூபுக்கு ஐந்து வருஷம்தான் ஆயுள். அதன் மேலேயே அச்சடித்திருக்கிறார்கள். நம் வீட்டில் அது நிரந்தர சொத்து! புது டியூப் சில நூறு ரூபாய்தான். அந்தக் காசை ஒரு பிரியாணிக்கு யோசிக்காமல் கொடுக்கிறோம்.

ரெங்கபாளையத்தில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு அரசு தலா 3 லட்சம் அறிவித்தது. கேஸ் விபத்தில் உயிர் போனால், எண்ணெய் நிறுவனங்கள் எடுத்துள்ள காப்பீட்டில் 6 லட்சம் வரை கிடைக்கும். இப்போது நீங்களே சொல்லுங்கள், எந்தத் தொகைக்குச் சம்மதம்?

‘‘என்ன சார், ஆலை முதலாளியையும் ஆய்வு செய்யாத அதிகாரியையும் விட்டுவிட்டு, இட்லி சுடுகிற எங்களைப் பிடிக்கிறீர்களே?’’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அவர்களை விடவில்லை, வழக்கும் தண்டனையும் அவர்களுக்கு வரத்தான் வேண்டும். அங்கே வேலை செய்கிற பெண்ணுக்கு மறுத்துப் பேசும் இடம் இல்லை. பேசினால் அன்றைய கூலி போய்விடும். உங்கள் சமையலறையில் உங்களைத் தடுப்பது யார்? அங்கே முதலாளியும் நீங்கள், ஆய்வாளரும் நீங்கள், தொழிலாளியும் நீங்கள். அப்படியும் விதியை மீறினால், ஆலைக்காரனைத் திட்டும்போது நம் குரலில் என்ன பலம் இருக்கும்?

இன்னொரு வார்த்தை எனக்கு ஆகவே ஆகாது: ‘கவனக்குறைவு’. விபத்து நடந்தால் உடனே அதைச் சொல்லி ஃபைலை மூடிவிடுவோம். கவனம் என்பது குறையத்தான் செய்யும் சாமி! குழந்தைக்குக் காய்ச்சல், கணவரோடு சண்டை, ஆபீஸுக்கு லேட்... இதில் எந்த மனுஷனுக்குக் கவனம் முழுசாக இருக்கும்? அதனால்தான் பழக்கம் வேண்டும் என்கிறேன். மனசு எங்கே போயிருந்தாலும் கை தானாக ரெகுலேட்டரை மூட வேண்டும். வாசலில் கோலம் போடுவதற்கு யாராவது அலாரம் வைக்கிறார்களா?

புதிதாக நேரம் ஒதுக்கச் சொல்லவில்லை. ஏற்கெனவே செய்கிற வேலையோடு முடிச்சுப் போடுங்கள். சிலிண்டர் வந்து இறங்கும் நாளில், இணைப்பில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்; அப்படியே டியூபில் உள்ள தேதியையும் படியுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கரன்ட் பில் கட்டும் நாளில், மெயின் போர்டில் உள்ள கசிவு தடுப்பு சுவிட்சின் ‘டெஸ்ட்’ பட்டனை அழுத்துங்கள். டப்பென்று விழ வேண்டும். விழவில்லையா, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அந்த சுவிட்சே இல்லையா? அடுத்த செலவு அதுதான். 30 மில்லி ஆம்பியர் என்று கேட்டு வாங்குங்கள். ராத்திரி வாசல் கதவைப் பூட்டும் கை, முதலில் ரெகுலேட்டரை மூடட்டும்.

கேஸ் வாடை வந்தால்? சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி உண்டு. கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். அடுப்பையும் ரெகுலேட்டரையும் மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். வெளியே வந்த பிறகு 1906-க்கு போன் செய்யுங்கள். இதைப் பிள்ளைகளுக்கும், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்கும், வேலைக்கு வருகிற அக்காவுக்கும் ஒருமுறை செய்து காட்டுங்கள். சொன்னால் மறந்துவிடும்.

இந்தத் தீபாவளிக்கு மாடியில் ஒரு புது விதி: பட்டாசுப் பெட்டி வீட்டுக்குள் மூடியிருக்கும். ஒரு ஆள் ஒன்றிரண்டாக மட்டும் மேலே கொண்டு வருவார். பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். மச்சான் கிண்டலடிப்பார், ‘‘இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையே!’’ என்று.

அவரை உட்காரவைத்து ரெங்கபாளையத்தின் கதையைச் சொல்லுங்கள். அன்று காலை வரை அங்கேயும் ஒன்றும் ஆகாமல்தான் இருந்தது.