என் மகளிடம் யாராவது கேட்டார்களா?

போன மாதம் அசனப் பண்டிகைக்கு மகளும் மாப்பிள்ளையும் பேரப்பிள்ளைகளோடு சென்னையிலிருந்து வந்திருந்தார்கள். இரவு குடும்ப ஜெபம் முடிந்து பாயைச் சுருட்டப் போன நேரத்தில் மாப்பிள்ளை, "மாமா, ஒரு காரியம் சொல்லணும், உக்காருங்க" என்றார். கர்த்தர் தன்னை ஊழியத்துக்கு அழைத்திருக்கிறார், வரும் மார்ச்சோடு கம்பெனி வேலையை விடப்போகிறேன் என்றார். பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் ஒரு ஹாலை வாடகைக்குப் பிடித்து, ஐ.டி. வேலை பார்க்கும் பிள்ளைகளுக்காகப் புதிதாக ஒரு சபை நாட்டப் போகிறாராம். மூன்று மாதம் உபவாசித்து ஜெபித்ததில் தரிசனம் தெளிவாகிவிட்டதாம்.

நான் மகளைப் பார்த்தேன். குனிந்து பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிஷம் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது வீட்டுக் கடன். அந்த ஃபிளாட்டுக்கு முன்பணம் கட்ட ஊரில் இருந்த வயலை விற்றுக் கொடுத்தவன் நான். அடுத்து பேத்தியின் பத்தாம் வகுப்பு. ஞாயிறுதோறும் மிஷனெரிகளுக்காக ஜெபம் ஏறெடுக்கிறவன், தன் வீட்டு வாசலில் அந்த ஜெபம் வந்து நிற்கும்போது பி.எஃப். கணக்குப் போடுகிறான். என்னைப் போன்ற கிழவர்கள் நம் சபைகளில் ஏராளம். ஊழியக்காரர் வேண்டும், அது அடுத்த வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டும். இதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பிறகு நான் பேசப்போவதைக் கேட்டு, "பயந்தாங்கொள்ளி மாமனார் வேதத்தைத் துணைக்கு இழுக்கிறார்" என்று யாரும் சொல்லக்கூடாது பாருங்கள்.

மறுநாள் காலை மகள் அடுக்களையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது மெல்லக் கேட்டேன். "உங்கிட்ட எப்பம்மா சொன்னாரு?" "உங்ககிட்ட சொல்றதுக்கு ரெண்டு நாள் முந்தி, ரயில்ல" என்றாள். சொன்னாரா, கேட்டாரா என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. கல்லில் இருந்த தோசை கருகியது.

என் சண்டை இந்த இடத்தில்தான். ஒரு குடும்பம் முழுவதும் போய்ச் சுமக்க வேண்டிய ஒரு வேலைக்கு, வீட்டில் ஒருவருக்கு மட்டும் அழைப்பு வந்தது, மற்றவர்களுக்கு அறிவிப்பு வந்தது என்றால், அதை நான் அழைப்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். முப்பத்தாறு வருஷம் தபால் இலாகாவில் இருந்தவன். பதிவுத் தபாலை முகவரிதாரர் கையெழுத்து இல்லாமல் கொடுத்ததில்லை.

"கர்த்தர் என்னோடு பேசினார்" என்ற வாக்கியம் நம் மத்தியில் ஒரு பூட்டு மாதிரி ஆகிவிட்டது. அதைச் சொன்ன பிறகு மனைவி வாய் திறந்தால் தடைக்கல். தகப்பன் கேட்டால் உலகப் பிரகாரமானவன். பிள்ளை அழுதால் சத்துரு கிரியை செய்கிறான். ஐயர் "கொஞ்சம் பொறுங்க தம்பி" என்றால் அவருக்கு அபிஷேகம் இல்லை. எந்தக் கேள்வியும் உள்ளே நுழைய முடியாதபடி கட்டப்பட்ட ஒரு வீட்டுக்குள் கடவுள் மட்டும் எப்படி நுழைவார் என்று எனக்குப் புரியவில்லை.

என் அக்காவின் கதையை இதுவரை எழுதியதில்லை. அவள் போய்ச் சேர்ந்துவிட்டதால் எழுதுகிறேன். அத்தான் பள்ளிக்கூட வாத்தியார். 1979-இல் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் மேடையேறி, வேலையை ராஜினாமா செய்துவிட்டேன், பீகாருக்கு ஊழியத்துக்குப் போகிறேன் என்று சாட்சி சொன்னார். பெண்கள் பக்கம் எட்டு மாதக் கைக்குழந்தையோடு மணலில் உட்கார்ந்திருந்த அக்கா, கூட்டத்தோடு கூட்டமாகத்தான் அந்தச் செய்தியைக் கேட்டாள். சுற்றிலும் "அல்லேலூயா" என்றார்கள். இவளும் சொன்னாளாம். "சொல்லாம என்ன செய்ய, எல்லாரும் என்னையே பாத்தாங்க" என்பாள்.

பின்னால் எந்தச் சங்கமும் இல்லை. விசுவாச ஊழியம் என்று பெயர். வளையல் போயிற்று, சங்கிலி போயிற்று. நாலு வருஷத்தில் இரண்டு பிள்ளைகளோடு, மலேரியாவில் முடி கொட்டி, நாங்கள் அடையாளம் தெரியாமல் விழிக்கும்படி திருநெல்வேலி ஜங்ஷனில் வந்து இறங்கினாள். அதன் பிறகு தையல் மிஷின்தான் அந்தக் குடும்பத்தை வளர்த்தது. அத்தான் வருஷத்துக்கு ஒரு முறை வருவார். 1996-இல் அங்கேயே இறந்தார்.

பணி ஓய்வுக்குப் பிறகு நான் அந்த ஊருக்குப் போய்ப் பார்த்தேன். செங்கல் சுவர் வைத்த சிறிய ஆலயம் இருக்கிறது. ஜனங்கள் இருக்கிறார்கள். எனக்கு மாலை போட்டார்கள். ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு அக்காவைத்தான் விசாரித்தாள். பேதியில் கிடந்த அவளுடைய குழந்தைக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைப் புகட்டிப் பிழைக்க வைத்தவள் அக்காவாம். ஆகவே அத்தானுக்கு அழைப்பே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த ஆலயத்தின் முன்னால் நின்றுகொண்டு அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் அத்தானின் நினைவுக் கூட்டத்தில் பேசியவர் "அவர் எல்லாவற்றையும் விட்டுப் புறப்பட்டார்" என்றபோது, இரண்டாவது வரிசையில் இருந்த அக்கா என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாள்: "எல்லாத்தையும் விட்டாரு, சரிதான். விட்டதை யாரு தூக்கிச் சுமந்தா?"

இது நம்மூர்க் கதை மட்டுமல்ல. வில்லியம் கேரியை எல்லா மிஷனெரிக் கூட்டத்திலும் நினைவுகூர்கிறோம். அவர் மனைவி டோரதியைப் பற்றி எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறீர்கள்? 1793-இல் அந்தம்மா வரமாட்டேன் என்றுதான் சொன்னார். வயிற்றில் பிள்ளை. கேரி மூத்த மகனை மட்டும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கப்பல் தாமதமானதால் திரும்பி வந்து மறுபடி வற்புறுத்த, தங்கை கூட வந்தால் வருகிறேன் என்று கைக்குழந்தையோடு ஏறினார். மறு வருஷமே வங்காளத்தில் ஐந்து வயது மகன் பீட்டர் இறந்தான். அதன்பின் டோரதியின் புத்தி நிலைகொள்ளவில்லை. 1800 டிசம்பர் 28 அன்று செராம்பூரில் கிருஷ்ண பால் என்ற தச்சருக்கு, முதல் கனியாக, கேரி ஞானஸ்நானம் கொடுத்தார். மூத்த மகன் பெலிக்ஸும் அன்றுதான் ஞானஸ்நானம் பெற்றான். சங்கீதம் பாடிக்கொண்டிருந்த அதே நேரத்தில், பூட்டிய அறைக்குள்ளிருந்து டோரதியின் அலறல் கேட்டது. 1807-இல் அந்தம்மா இறந்தார்.

கேரி பெரியவர்தான். அவர் செய்த வேலையில் நூற்றில் ஒரு பங்கு நான் செய்யவில்லை. ஆனால் அந்த இரண்டு சத்தங்களும் ஒரே நாளில் கேட்டன. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு நாம் இருநூறு வருஷமாகப் பிரசங்கம் பண்ணுகிறோம்.

இதை மாப்பிள்ளையிடம் சொன்னபோது, "ஆபிரகாம் சாராள்கிட்ட கேட்டா மோரியாவுக்குப் போனார் மாமா?" என்றார். எல்லாரும் எடுக்கும் ஆயுதம் இது. நானும் பதிலை வைத்திருந்தேன். அங்கே கத்தியைத் தடுத்ததும் கர்த்தர்தான் மாப்பிள. நம்ம ஊரு ஆபிரகாம்கள் கத்தியை ஓங்கும்போது, "நிறுத்து" என்று கூப்பிட்ட சத்தத்தை எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்? தகப்பனையும் மனைவியையும் பிள்ளையையும் விடச் சொன்ன வசனமும் இருக்கிறதே என்றால், இருக்கிறது. அது என் சிலுவையை நான் எடுப்பதைப் பற்றியது. என் சிலுவையை மகள் தோளில் வைத்துவிட்டு முன்னால் வெறுங்கையோடு நடப்பதைப் பற்றியது இல்லை.

அப்போஸ்தலர் நடபடிகள் 13-ஐ எடுத்துப் பாருங்கள். சவுலுக்குத் தமஸ்குவிலேயே அழைப்பு வந்தாயிற்று. வெளிச்சமும் சத்தமும் அவரைப் போலக் கண்டவர் யார்? ஆனாலும் வருஷக்கணக்கில் காத்திருந்து, அந்தியோகியா சபை உபவாசித்து ஆராதிக்கும்போது, ஆவியானவர் அந்தச் சபையிடம் சொல்லி, அவர்கள் கைவைத்து அனுப்பிய பிறகுதான் புறப்பட்டார். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் வேதத்தில் ஆறு இடங்களில் வருகிறார்கள். ஒரு இடத்திலாவது ஒருவரை விட்டு மற்றவர் வருகிறாரா என்று தேடிப் பாருங்கள். கூடாரம் தைத்துக்கொண்டே வீட்டில் சபையை வைத்திருந்தார்கள். பேத்திக்கு அவர்கள் கதை பிடிக்கும், அந்தம்மாவும் தொழில் பார்த்தார்கள் என்பதால்.

வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1902-இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் வெளியூருக்குச் சொந்தச் செலவில் ஊழியர் அனுப்புவதைப் பார்த்து வெட்கப்பட்டுத் திரும்பினார். உடனே பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓடினாரா? திருநெல்வேலிச் சபையைக் கூட்டினார். 1903-இல் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. தோர்ணக்கல்லுக்கு முதலில் மற்றவர்கள்தான் போனார்கள். அவர் குருப்பட்டம் பெற்று அங்கே குடியேறியது 1909-இல். அவர் மனைவி அன்பு அந்தக் காலத்திலேயே கல்லூரி வரை போனவர். தெலுங்கு ஊரில் பெண்கள் நடுவே அவர் செய்த வேலை தனி வரலாறு. பிடி அரிசி எடுத்து வைத்த நம்மூர்ப் பாட்டிமார் முதற்கொண்டு அத்தனை பேரும் அதில் பங்காளிகள். ஒருவருடைய தரிசனம் ஊருடைய தரிசனமாகிற வரை அவர் பொறுத்தார்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மாட்டேன். மாப்பிள்ளையின் குடியிருப்பைச் சுற்றிச் சாயங்காலம் நடக்கும்போது நானே எண்ணியிருக்கிறேன். மண்டபம், பள்ளிக்கூட ஹால், மொட்டை மாடிக் கொட்டகை என்று ஏழு சபைகள். எட்டாவது எதற்கு? அங்கே வந்து உட்காரப்போகிறவர்கள் அந்த ஏழிலிருந்து எழுந்து வருகிறவர்கள். ஆடு தொழுவம் மாறுகிறது, மந்தை வளரவில்லை. மற்றொருவர் போட்ட அஸ்திபாரத்தின்மேல் கட்டக்கூடாது என்பதில் பவுல் கவனமாக இருந்தார். மாப்பிள்ளைக்கு நம் பாரம்பரிய சபைகள்மேல் கோபம். தேர்தல் கூத்து, கோர்ட்டு வழக்கு, மைக்கைப் பிடுங்குகிற சண்டை என்று அவர் சொல்வதில் ஒன்றைக்கூட நான் மறுக்க மாட்டேன், எனக்கும் வெறுத்துப்போய்த்தான் இருக்கிறது. ஆனால் கோபத்துக்கு ஹால் பிடித்தால் அது சபையாகாது. கமிட்டித் தொல்லை இருக்காது என்கிறார். ஆமாம், கணக்குக் கேட்கவும் ஆள் இருக்காது. மறுநாளிலிருந்து என் மகள் பெயர் "பாஸ்டரம்மா". பொருளாளர் அவளே, ஞாயிறு பள்ளி அவளே, வந்தவர்களுக்கு டீ போடுவதும் அவளே. பேரன் புரொஜெக்டர், பேத்தி கீபோர்டு. பரீட்சை நாளானாலும் சரி.

ஊருக்குத் திரும்பும் முன்தினம் பேத்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "தாத்தா, ஜீசஸ் அப்பாகிட்ட மட்டும்தான் சொல்லுவாரா?" என்றாள். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. மாப்பிள்ளை திண்ணையில்தான் இருந்தார். அவர் காதிலும் விழுந்தது.

அன்று இரவு அவரிடம் பேசினேன். கையெடுத்துக் கும்பிட்டுத்தான் பேசினேன். "மாப்பிள, நீங்க போகக்கூடாதுன்னு நான் சொல்லல. மார்ச்சுங்கிறதை விட்ருங்க. ஒரு வருஷம் வையுங்க. முதல்ல அவகிட்ட கேளுங்க. 'முடியாது'ன்னு அவ சொல்றதுக்கும் இடம் வச்சுக் கேளுங்க. பிள்ளைங்ககிட்ட கேளுங்க. பிறகு உங்க ஐயரு, மூப்பருங்க, உங்களைப் பிடிக்காத ரெண்டு பேரு, இவங்ககிட்டயும் போய்க் கேளுங்க. எல்லாரும் சேர்ந்து ஜெபிச்சு அனுப்பினா, ஸ்டேஷனுக்கு நானே பெட்டி தூக்கிட்டு வாரேன்." அவர் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். கோபம் என்றுதான் நினைத்தேன். நல்ல பிள்ளை அவர், அதையும் எழுத வேண்டும். இத்தனை சொல்லியும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

மூன்று வாரம் ஃபோன் இல்லை. போன சனிக்கிழமை ராத்திரி மகள் கூப்பிட்டாள். குரல் தெளிவாக இருந்தது. அவர் கேட்டாராம். வேலையை விட்டுவிட்டு ஹால் பிடிப்பதில் தனக்குச் சம்மதம் இல்லை என்று இவள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாளாம். அவரும் கேட்டுக்கொண்டாராம். எனக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. ஸ்தோத்திரம் என்றேன்.

"இருங்கப்பா, முடிக்கல" என்றாள். சின்ன வயதில் நம் ஆலயத்துக்கு மிஷனெரிகள் வந்து ராஜ்மகால் மலையில் இருக்கும் மால்தோ ஜனங்களைப் பற்றிச் சொல்வார்களே, கருங்காய்ச்சலில் பிள்ளைகள் சாவதைப் பற்றி, அந்த ஞாயிறுகளிலிருந்தே தன் மனதில் ஒன்று கிடக்கிறதாம். கல்யாணத்துக்கு முன்னும் யாரும் கேட்கவில்லை, பின்னும் கேட்கவில்லையாம். இப்போது அவர் கேட்டதால் சொன்னாளாம். சும்மா ஒரு ஹாலுக்காக என்றால் வரமாட்டேன், யாரும் போகாத இடத்துக்கு, ஒரு சங்கத்தின் கீழே, பேத்தியின் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பிறகு என்றால் வருகிறேன் என்று. மாப்பிள்ளை இரண்டு நாளாகத் தூங்கவில்லையாம்.

"நீங்கதானப்பா என்கிட்ட கேக்கச் சொன்னீங்க" என்றாள்.

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல. ஃபோனை வைத்துவிட்டு, பேத்தியின் பன்னிரண்டாம் வகுப்புக்கு இன்னும் எத்தனை மாதம் என்று காலண்டரில் எண்ணினேன். அப்போது எனக்கு எழுபத்தைந்து ஆகியிருக்கும்.