பெண்களுக்கு மட்டும் உச்சி வெயிலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்னையில் ஒரு பொது நீச்சல் குளத்தில் பெண்களுக்கான நேரத்தை உச்சி வெயிலுக்கு மாற்றிய கூத்து நடந்திருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை அதன் சூடு என் மீதும் பட்டது.

மகளின் இரண்டாவது பிரசவத்துக்காகக் கோவையிலிருந்து சென்னை வந்திருக்கிறேன். வயது 54. கோவாவில் நடக்கும் அரை அயர்ன்மேன் போட்டிக்குத் தயாராகிறேன்: 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். பிள்ளை பெற்ற வீட்டில் எனக்கென்று மிஞ்சுவது விடியற்காலை மட்டும்தான். பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் இருட்டு விலகுவதற்குள் ஓடி முடித்துவிடுகிறேன். சைக்கிளை மருமகன் மொட்டை மாடியில் ட்ரெய்னரில் மாட்டிக் கொடுத்திருக்கிறார். நீச்சலுக்குத்தான் வழியில்லை.

காலை ஆறு மணிக்குக் குளத்து வாசலில் போய் நின்றேன். "இது ஜென்ட்ஸ் டைம்மா. லேடீஸுக்குப் பதினொண்ணுல இருந்து பன்னெண்டு" என்றார் டிக்கெட் கொடுப்பவர். அக்னி நட்சத்திரத்தில், கூரையில்லாத குளத்தில், பதினொரு மணி! காரணம் கேட்டேன். "வீட்டு வேலையெல்லாம் முடிச்சுட்டு நிதானமா வரலாம்னு மேலே போட்டுக் கொடுத்திருக்காங்கம்மா" என்றார், ஏதோ சலுகையை அறிவிப்பதுபோல.

எங்கள் வீட்டு வேலை எத்தனை மணிக்கு முடியும் என்று அந்த 'மேலே' இருப்பவருக்கு யார் சொன்னது? பதினொரு மணிக்குத்தான் நான் குழந்தையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டிக்கொண்டிருப்பேன். அடுப்பில் பூண்டுக் குழம்பு பாதிக் கொதியில் இருக்கும்.

கடலோர வெயில் எங்கள் ஊர் வெயில் அல்ல. காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை வழிகிறதே ஒழியக் காய்வதில்லை. காயாவிட்டால் உடம்பு குளிராது. இந்தப் புழுக்கத்துக்கு உடல் பழகவே 10 முதல் 14 நாட்கள் ஆகும். அதனால்தான் இங்கே ஓடுகிறவர்களும் சைக்கிள் மிதிக்கிறவர்களும் ஈ.சி.ஆர். சாலைக்குச் சூரியனை முந்திக்கொண்டு போகிறார்கள். கோப்பில் நேரம் எழுதியவருக்கு மட்டும் இது எட்டவில்லை.

கடல் பக்கத்திலேயே இருக்கிறதே என்பார்கள். மெரினாவில் அலையில் இறங்கினால் போலீஸ் விசில் ஊதும். அங்கே போன உயிர்களை நினைத்தால் ஊதுவது சரிதான். அதனால்தானே ஐயா குளத்தைக் கேட்கிறோம்! பேரப்பிள்ளையைக் கொஞ்ச வந்த இடத்தில் பயிற்சி எதற்கு என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. ஆணும் பெண்ணும் ஒரே குளத்தில் இறங்க வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலை ஆறு மணியை எங்களுக்குக் கொடுத்தால் போதும்.

2024-இல் தீவுத்திடலைச் சுற்றிச் சாலைகளை அடைத்து, இரவைப் பகலாக்கி, கார் பந்தயம் நடத்திக் காட்டிய நகரம் இது. ராத்திரியில் கார் ஓட அத்தனை விளக்குப் போட முடிந்தது. பெண்கள் நீந்த ஒரு விடியற்காலையை ஒதுக்க முடியவில்லை.

நேரப் பட்டியலில் கையெழுத்துப் போட்ட அதிகாரி ஒரே ஒரு நாள் பதினொரு மணிக்கு வரட்டும். நீந்தக்கூட வேண்டாம். செருப்பைக் கழற்றிவிட்டு, உடை மாற்றும் அறையிலிருந்து குளத்தின் ஓரம்வரை அந்தச் சிமென்டுத் தரையில் நடந்து காட்டட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோயம்புத்தூர் (தற்போது சென்னை)